ஏவலாளனுக்கும் ஓர் இசை வேண்டும்

ஒற்றாடல் அரசியலின் பழைய அங்கங்களுள் ஒன்று. திருவள்ளுவர் அதற்கென 59ஆம் அதிகாரத்தை வகுத்து, ஒற்றனுக்கு வேண்டிய இயல்புகளையும், ஒற்றரை ஆளும் அரசன் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் பத்துக் குறட்பாக்களில் அடக்கினார். ஆயினும், பகைத்தலைவன் பக்கத்தில் நின்று, காட்டியவனைக் கொன்று, ஈற்றில் தானும் மடிந்துபோகும் ஏவலாளனைப்பற்றி அவ்வதிகாரம் பேசவில்லை. அவன் இக்காலத்து ஒற்றர் படங்கள் நமக்கு அறிமுகஞ் செய்த பாத்திரம். அப்படங்களிலே மூவர் இன்றியமையாதவர். ஒருவன் கதாநாயகனாகிய ஒற்றன். மற்றவன் உலகையே விழுங்கக் கருதும் பகைத்தலைவன். மூன்றாமவன் இவ்விருவருக்கும் இடையே நிற்கும் ஏவலாளன். முதலிருவரைப்பற்றி எழுதியோர் பலர். மூன்றாமவனைப்பற்றி, அவனுக்கென ஒலிக்கும் இசையைப்பற்றி, ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

யூபிலி மலரொன்றிலே, தமிழாசிரியன் ஒருவன், ஆங்கிலப் படத்துக் கொலையாளிகளின் இசையைப்பற்றி எழுதுவதா என்று பழைய மாணவர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். இப்படங்களைப் பாராத மாணவர் இன்று அரியர். பார்ப்பதைத் தடுத்தல் நம்மால் இயலாது. எவ்வாறு பார்ப்பது, எவ்வாறு கேட்பது என்று சொல்லிக்கொடுத்தல் நம்மால் இயலும். மேலும், பிறன் ஏவலுக்குத் தன் கையைக் கொடுத்தவன் மனிதனா, கருவியா என்பது இலக்கியம் பயில்வோர்க்குப் புறம்பான வினாவன்று.

ஏவலாளனுக்கு இசை ஏன் வேண்டும்? அவனுக்குப் பேச்சில்லை என்பதே முதற்காரணம். 1963ஆம் ஆண்டு வெளிவந்த "புறம் றஷ்யா வித் லவ்" என்னும் படத்தில், ரொபேட் ஷோ நடித்த கிறான்ற் என்னும் கொலையாளி, கதையின் பெரும்பகுதியில் வாய் திறப்பதில்லை. அவன் குரலை நாம் கேட்பது புகையிரதப் பயணத்தின் நடுவிலேதான். 1964ஆம் ஆண்டின் "கோல்ட்பிங்கர்" படத்திலே வரும் ஒட்ஜொப் ஊமை. 1977ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் இரு படங்களில் தோன்றிய இரும்புப் பல்லன் ஜோஸ், இரண்டாம் படத்தின் முடிவிலே ஒரேயொரு வாக்கியம் பேசுகின்றான். 2015ஆம் ஆண்டின் "ஸ்பெக்ரர்" படத்தில் வரும் ஹிங்ஸ் என்பவனுக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. பகைத்தலைவர்களோ பேசிக்கொண்டேயிருக்கின்றனர், தம் திட்டம் முழுவதையும் கதாநாயகனுக்கே விளக்கியுரைக்கின்றனர். கதாநாயகன் சாவின் வாயிலிலே நின்றும் நகைச்சுவை பேசுகின்றான். நாவற்ற ஏவலாளனுக்கு எஞ்சியிருப்பன உடலும் அவ்வுடலைச் சூழ்ந்து எழும் இசையுமே. ஆகவே, இசையமைப்பாளன் எழுதிக்கொடுப்பதே அவன் பேசும் பேச்சு.

பாத்திரத்துக்கு ஓர் இசை என்பது புதுமையன்று. நம் நாட்டுக் கூத்திலே, வடமோடியாயினும் தென்மோடியாயினும், பாத்திரங்கள் தத்தமக்குரிய வரவோடும் தாளக்கட்டோடும் களரிக்கு வருதலை நாம் அறிவோம். அரசனுக்கு மட்டுமன்றி, அவன் வருகையைக் கூற வரும் கட்டியகாரனுக்கும் ஒரு வரவு உண்டு. மேல்நாட்டிலே றிச்சட் வாக்னர், 1876ஆம் ஆண்டு பைறொய்ற் நகரில் முழுமையாக அரங்கேறிய தம் நாற்பகுதி இசைநாடகத்திலே, ஆளுக்கும் பொருளுக்கும் எண்ணத்துக்கும் வெவ்வேறு சிறு இசைத்தொடர்களை அமைத்தார். தந்தையின் பகையை முடித்தற்பொருட்டே பெறப்பட்டு வளர்க்கப்பட்ட ஹாகன் என்பவனுக்கும் அதிலே தனித்தொடர் உண்டு. 1936ஆம் ஆண்டு புறொக்கோபியெவ் சிறுவர்க்கென இயற்றிய "பீற்றரும் ஓநாயும்" என்னும் இசைக்கதையிலே, பறவைக்கு ஒரு வாத்தியம், பூனைக்கு ஒரு வாத்தியம், ஓநாய்க்கு மூன்று கொம்புகள் என வகுத்தார். இத்தகைய சிறு தொடரைக் குறியிசை என்று இக்கட்டுரையில் வழங்குவேன். திரையிலே பாத்திரம் தோன்றுமுன்னரே அதன் வருகையை அறிவிக்கவும், தோன்றாதவிடத்தும் அதனை நினைப்பூட்டவும் குறியிசை உதவுகின்றது.

அதன் ஆற்றலைப் பேசும்படத்தின் தொடக்க காலத்திலேயே உணர்ந்தவர் ஜெர்மானிய நெறியாளர் பிறிற்ஸ் லாங். 1931ஆம் ஆண்டு அவர் எடுத்த "எம்" என்னும் படம் ஒற்றர் படமன்று. சிறுவரைக் கொல்லும் ஒருவனைப்பற்றியது. அவன் கிறீக் என்னும் நோர்வே நாட்டு இசைவல்லுநரின் மெட்டொன்றைச் சீழ்க்கையடிக்கும் வழக்கமுடையவன். அச்சீழ்க்கையைக் கேட்டு அவனை அடையாளங் காண்பவன் பலூன் விற்கும் ஒரு குருடன். கண்ணுடையோர் காணாததைச் செவியுடையோன் கண்டான். ஒருவனுடைய இசை அவனுடைய பெயரைப்போன்றது என்பதை இதனினும் தெளிவாக எவருங் காட்டவில்லை.

ஆயின், எல்லா ஏவலாளரின் இசையும் அவர்க்கே உரியதா? இங்கேதான் என் கருத்து வேறுபாடு தொடங்குகின்றது. திரையிசையை மெச்சுவோர், குறியிசை இனிதாயிருக்கின்றதா, அச்சமூட்டுகின்றதா என்று மட்டுமே கேட்கின்றனர். அந்த இசை யாருடையது என்பதே கேட்கவேண்டிய கேள்வி என்பேன். ஏவியவனுடையதா, ஏவப்பட்டவனுடையதா? இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு சில படங்களை நோக்குவோம்.

முதலாவது, இசையே ஏவலாக அமைந்த படம். அல்பிரட் ஹிச்கொக் 1934ஆம் ஆண்டு எடுத்து, 1956ஆம் ஆண்டு மீண்டும் எடுத்த "த மான் ஹூ நியூ டூ மச்" என்னும் படத்தைக் கருதுகின்றேன். இரண்டாவதைப்பற்றியே இங்கு பேசுவேன். பிறநாட்டுப் பிரதமர் ஒருவரை லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே கொல்வதற்குச் சதிகாரர் திட்டமிடுகின்றனர். அங்கே பாடப்படவிருப்பது ஆதர் பெஞ்சமின் என்பார் இயற்றிய ஒரு பெரும் இசைப்பாடல். அதிலே ஓரிடத்தில் பித்தளைத் தாளங்கள் ஒரேயொரு முறை மோதுகின்றன. துப்பாக்கியின் வெடியோசை வெளியே கேளாவண்ணம் அக்கணத்திலேயே சுடவேண்டும். சதிகாரன் இசைத்தட்டை ஓடவிட்டு, "இதோ, இந்த இடம்" என்று கொலையாளிக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கின்றான். மாணவனும் கவனமாய்க் கேட்கின்றான். ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு சொல்லும் நமக்குக் கேளாமல், வாத்திய இசையும் பாடகர் குழுவின் ஒலியுமே நிறைந்த அக்காட்சியிலே, வாத்தியக் குழுவை நடத்துபவராய்த் திரையில் தோன்றுபவர் அப்படத்தின் இசையமைப்பாளராகிய பேர்ணாட் ஹேர்மன் அவர்களே. அக்கொலையாளிக்கு இசை இன்பமன்று, கலையன்று, கட்டளை. அவன் செவி அத்தனை நுண்மையாய்ப் பழக்கப்பட்டும் ஒரு கணத்துக்கு மட்டுமே பயன்படுகின்றது. தாளம் மோதுமுன் எழுந்த ஒரு தாயின் அலறல் குறியைத் தவறச் செய்ய, அவன் மாடத்திலிருந்து விழுந்து மடிகின்றான்.

அதே படத்தின் இறுதியிலே இதற்கு மாறான ஒன்றையுங் காண்கின்றோம். கடத்தப்பட்ட சிறுவனைக் காவல்செய்பவள் அச்சதிகாரனின் மனைவி. அவளும் ஏவலாட்டியே. தூதரக மாளிகையின் கீழ்த்தளத்திலே டொறிஸ் டே நடித்த தாய் உரத்துப் பாடுகின்றாள். மேலே அடைபட்டிருக்கும் மகன் அதனைக் கேட்கின்றான். காவற்காரி அவனை வாயடைக்கவில்லை. உன்னால் இயன்றமட்டும் உரக்கச் சீழ்க்கையடி என்று அவளே தூண்டுகின்றாள். கணவன் கொடுத்த இசையிலே கொலைக்குரிய கணம் இருந்தது. தாயின் பாட்டிலே அவள் தன் மனத்தைக் கண்டாள். ஏவலுக்குள் அடங்கிய உயிரொன்று இசையால் விடுபடுதலை ஒற்றர் படங்களிலே இவ்வளவு நயமாகக் காட்டியவை சிலவே.

இரண்டாவது, எசமானின் இசையை ஏவலாளன் சுமக்கும் நிலை. "கோல்ட்பிங்கர்" படத்துக்கு இசையமைத்தவர் ஜோன் பரி. 1933ஆம் ஆண்டு பிறந்து 2011ஆம் ஆண்டு மறைந்த இவ்வாங்கிலேயர், ஜேம்ஸ் பொண்ட் படங்களுள் பதினொன்றுக்கு இசை தந்தவர். பொன்மேற் பித்துக்கொண்ட ஒருவனைப்பற்றிய கதைக்குப் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தையும் உலோகத்தின் ஒலியையும் அவர் தேர்ந்தது சாலப் பொருத்தமே. அவ்வொலியின் மிகச் சிறிய துணுக்கொன்று, கிண்ணென்ற ஒரு உலோக நாதம், ஒட்ஜொப் என்னும் ஏவலாளனின் நிழல் சுவரில் விழும்போது கேட்கின்றது. இப்பாத்திரத்தை ஏற்றவர், 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திலே பாரந்தூக்கலில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஹறோல்ட் சக்காத்தா. கோல்வ் பந்தைக் கையால் நசுக்குபவன், விளிம்பிலே உருக்குப் பொதிந்த தொப்பியை எறிந்து கழுத்தை முறிப்பவன் அவன். பரி அமைத்த அச்சிறு நாதம் செவிக்கு நன்று; அதனை நான் குறைகூறேன். ஆனால், அது யாருடைய உலோகம்? எசமானின் பொன்னே அவ்வாறு ஒலிக்கின்றது. ஒட்ஜொப் தன் எசமானின் பெட்டியைச் சுமப்பதுபோல அவனுடைய ஓசையையுஞ் சுமக்கின்றான். ஈற்றில், பொற்களஞ்சியத்தின் உலோகக் கம்பிகளிலே சிக்கிய தொப்பியைப் பற்றும்போது மின்சாரம் பாய்ந்து மாள்கின்றான். உலோகத்தால் அறிவிக்கப்பட்டவன் உலோகத்தாலேயே முடிந்தான். கதையமைதி சிறந்தது, மனிதனைத்தான் காணவில்லை.

மூன்றாவது, ஏவலாளன்மீது முத்திரையாகக் குத்தப்படும் இசை. இப்படங்களின் ஏவலாளர் எத்தகையோர் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். கீழைத் தேயத்தவர், கறுப்பினத்தவர், மிகக் குள்ளர், மிக நெடியர், உடற்குறையுடையோர் என அவர் பெரும்பாலும் பார்ப்போர்க்கு "வேற்றாள்" என்று தோன்றும்படியே தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்க்குப் பெருஞ்சேகண்டி, காட்டுமுரசு, பாம்பாட்டியின் குழல் என்றிவற்றுள் ஒன்றை ஒலித்துவிட்டால் வேலை முடிந்துவிடுகின்றது. அவ்வொலிகள் ஒருவனைக் குறிப்பனவல்ல. ஓர் இனத்தைச் சுட்டிக்காட்டுவன. 1973ஆம் ஆண்டின் "லிவ் அண்ட் லெற் டை" படத்துக்கு இசையமைத்த ஜோர்ஜ் மார்ட்டின், சாவின் தலைவனாகத் தோன்றும் பரன் சமெடி என்பவனுக்கு நடன இசை வகுத்தார். திரினிடாட் தீவிலே பிறந்த நடனவல்லுநர் ஜெப்றி ஹோல்டர், தம் சிரிப்பாலும் அங்க அசைவாலும் அம்முத்திரையை மீறித் தனித்து நின்றார். அது நடிகரின் வெற்றி என்றே கூறுவேன். 1971ஆம் ஆண்டின் "டயமன்ட்ஸ் ஆர் போரெவர்" படத்திலே, கைகோத்துத் திரியும் வின்ற், கிட் என்னும் கொலையாளர் இருவர்க்கும் பரி பதுங்கிப் பதுங்கிச் செல்லும் குறும்பான ஓர் இசை தந்தார். அவ்விருவருள் ஒருவராக நடித்த பற்றர் சிமித் என்பார் தொழிலால் ஜாஸ் இசைவாணர். வாத்தியம் அறிந்த ஒருவர் ஏவலாளராக நடித்தபோதும், அவருக்குக் கிடைத்த இசை பார்ப்போரைச் சிரிக்கவைக்கும் இசையே.

நான்காவது, இரவல் இசை. 1979ஆம் ஆண்டின் "மூன்றேக்கர்" படத்திலே, 7 அடிக்கு மேல் உயர்ந்த றிச்சட் கீல் நடித்த ஜோஸ் மீண்டும் வருகின்றான். எதனையுங் கடித்து முறிக்கும் அவ்விரும்புப் பல்லன், இடிபாடுகளின் கீழிருந்து எழும்போது, மூக்குக்கண்ணாடி அணிந்த சிறுபெண் ஒருத்தியைக் காண்கின்றான். இருவரும் பேசவில்லை. அப்போது எழுவது, சைக்கோவ்ஸ்கி 19ஆம் நூற்றாண்டிலே ஷேக்ஸ்பியரின் றோமியோ ஜூலியற்றைப் பொருளாகக் கொண்டு இயற்றிய இசையின் காதற்பகுதி. படமெடுத்தோர் நகைப்பைக் கருதியே இதனைச் செய்தனர். படமாளிகைகளில் மக்கள் நகைக்கவுஞ் செய்தனர். ஆயினும், அந்நகைப்பின் அடியிலே ஒன்று நிகழ்ந்துவிட்டது. பல்லும் தோளுமாய் இருந்தவன் நெஞ்சுடையவனானான். குறையற்ற மனிதரை மட்டுங் கொண்டு புதியதோர் உலகை உண்டாக்கப்போவதாக அவன் எசமான் கூறும்போது, அவ்வுலகத்திலே தனக்கும் தன் துணைவிக்கும் இடமில்லை என்பதை ஜோஸ் உணர்கின்றான். பொண்ட் அதனைக் குறிப்பால் உணர்த்துகின்றான். ஜோஸ் எசமானை விட்டு விலகுகின்றான். இரவல் இசையாயினும், ஒருமுறை மனிதனுக்குரிய இசை அவனுக்காக ஒலித்தமையால், அந்த மாற்றத்தை நாம் நம்புகின்றோம். அது அவனுக்கென எழுதப்பட்ட இசையாயிருந்தால் நகைப்புக் குறைந்திருக்கும், நெகிழ்ச்சி கூடியிருக்கும்.

ஐந்தாவது, ஏவலாளனுக்கே உரிய இசை. இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த உதாரணம் 1987ஆம் ஆண்டின் "த லிவிங் டேலைற்ஸ்" என்னும் படம். பரி இசையமைத்த கடைசி பொண்ட் படமும் அதுவே. நெக்றோஸ் என்னும் பொன்முடிக் கொலையாளி செவியிலே ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு திரிகின்றான். அதனூடு அவன் கேட்பது, பரி மெட்டமைத்துக் கிறிஸ்ஸி ஹைன்ட் சொல்லெழுதி, அவரது பிறிட்டெண்டர்ஸ் குழுவினர் பாடிய ஒரு பாட்டு. எல்லாரும் எங்கே போய்விட்டனர் என்று கேட்பது அதன் தலைப்பு. பரி செய்த நுட்பம் இதுதான்: அவன் செவியிலே சிறிதாய் ஒலிக்கும் அந்தப் பாட்டின் மெட்டையே எடுத்து, பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்து, அவன் போர்புரியும் காட்சிகளுக்கெல்லாம் குறியிசையாக்கினார். ஆகவே, படமாளிகை முழுவதும் நிறைந்து ஒலிப்பது அவனுடைய தலைக்குள்ளே ஒலிப்பதே. எசமான் கொடுத்த ஓசையன்று, இனமுத்திரையன்று, இரவலன்று. அவனே தேர்ந்துகொண்ட பாட்டு.

இதனால் அவன் நல்லவனாகிவிட்டானோ? இல்லை. செவியில் மாட்டிய கருவியின் கம்பியினாலேயே அவன் பால்காரன் ஒருவனை நெரித்துக் கொல்கின்றான். வியன்னா நகரத்துக் களியாட்டப் பூங்காவிலே பலூன் விற்பவனாக வேடமிட்டு, பொண்டின் நண்பனைக் கொல்கின்றான். 1931ஆம் ஆண்டின் படத்திலே பலூன்காரன் இசையால் கொலையாளியைக் கண்டுகொண்டான். இங்கே கொலையாளியே பலூன்காரனாகி நிற்கின்றான். ஆனால், ஈற்றிலே பறக்கும் விமானத்தின் பின்புறத்தே தொங்கும் வலையிலிருந்து அவன் விழும்போது, கருவியொன்று உடைந்துபோனது என்று நாம் எண்ணுவதில்லை. தனக்கென ஒரு பாட்டை உடையவன் ஒருவன் இறந்தான் என்று உணர்கின்றோம். தன் பாட்டைத் தானே தேர்ந்தவன் தன் செயலையுந் தானே தேர்ந்தவன். ஆதலால் அவன் குற்றமும் பெரிதாகின்றது. உடமையாய் நின்றவனைக் குற்றஞ்சாட்டுதல் இயலாது. மனிதனாய் நின்றவனையே குற்றஞ்சாட்டலாம். இசை அவனுக்கு அளித்த மதிப்பு இதுவே.

கதாநாயகன் பக்கத்து ஏவலாளர் நிலை இதனினும் மேலானதோ என்று கேட்பின், விடை மகிழ்ச்சி தருவதன்று. பொண்டின் குறியிசையை உலகம் அறியும். அதனை இயற்றிய மொண்டி நோர்மன் (1928-2022), முன்னர் வி. எஸ். நைப்போலின் "மிஸ்டர் பிஸ்வாஸின் வீடு" என்னும் நவீனத்தை இசைநாடகமாக்க முயன்றபோது, திரினிடாட் தீவின் இந்திய வமிசத்தவன் ஒருவன் பாடுவதற்கென அமைத்த பாட்டிலிருந்தே அதன் மெட்டை எடுத்தார். 1962ஆம் ஆண்டின் "டொக்டர் நோ" படத்துக்காக அதனை வாத்தியத்துக்கு அமைத்தவர் பரி. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாய்ச் சென்றோர் வழிவந்தவனின் பாட்டு, ஆங்கிலேய ஒற்றனின் கொடியாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. இனி, 1983ஆம் ஆண்டின் "ஒக்டோபுசி" படத்தைக் காண்க. சென்னையிலே பிறந்த டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், பொண்டுக்கு உதவும் உள்ளூர் ஒற்றனாக, விஜய் என்ற பெயருடனேயே வருகின்றார். உதயப்பூரின் ஏரிக்கரையிலே பாம்பாட்டியாய் அமர்ந்து, மகுடியில் அவர் ஊதுவது யாது? பொண்டின் குறியிசை. அதைக் கேட்டே பொண்ட் ஆளை அறிகின்றான். தமிழ்நாட்டார் ஒருவரைத் திரையிற் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால் அவர் வாயிலே இருந்த இசை அவருடையதன்று, அவர் சேவித்தவனுடையது. சில காட்சிகள் கழிந்தபின், பகைவன் அனுப்பிய கையாட்களால் அவர் கொல்லப்படுகின்றார். கதை மேலே நடக்கின்றது.

அதே படத்திலே பகைத்தலைவனின் ஏவலாளனாகிய கோபிந்தாவாகக் கபீர் பேடி நடித்தார். விமானம் வானிற் பறக்கும்போது, வெளியே ஏறி நிற்கும் பொண்டைக் கொன்றுவரும்படி எசமான் அவனுக்குக் கட்டளையிடுகின்றான். கோபிந்தா ஒரு கணம் எசமானை நோக்குகின்றான். வெளியேயா என்று கேட்பதுபோன்ற நோக்கு. பின்னர்ப் போகின்றான், விழுந்து மடிகின்றான். அப்படம் முழுவதிலும் அவன் மனிதனாகத் தோன்றியது அந்த ஒரு கணத்திலேயே. அக்கணத்துக்கென ஓர் இசை எழுதப்பட்டிருந்தால், அது இப்படங்களின் சிறந்த இசைப்பகுதிகளுள் ஒன்றாயிருக்கும் என்பது என் துணிபு.

இனி, மறுப்புக்கள் இரண்டனை நோக்குவோம். குறியிசை ஏவலாளன் வருகையை முன்னரே அறிவித்துத் திடுக்கீட்டைக் கெடுக்கும். இசையின்மையே சிறந்தது என்பர் சிலர். "புறம் றஷ்யா வித் லவ்" படத்திலே புகையிரதத்தின் சிற்றறைக்குள் பொண்டும் கிறான்றும் பொருதும் காட்சிக்கு இசையே இல்லை. வண்டியின் ஓட்டமும், மூச்சும், உடைபடும் பொருள்களின் ஓசையுமே கேட்கின்றன. அது மிகச் சிறந்த காட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அம்மௌனம் சிறந்தது இசை அறிந்த ஒருவர் அதனை வேண்டுமென்று விட்டமையால். பரி ஏனைய இடங்களில் இசை தந்து, இவ்விடத்தில் நிறுத்தினார். பேசத் தெரிந்தவன் பேசாதிருப்பது மௌனம்; மற்றையது ஊமை. பிற்காலத்து ஒற்றர் படங்கள் பெரும்பாலானவற்றிலே நான் கேட்பது அம்மௌனமுமன்று, குறியிசையுமன்று. எவன் வந்தாலும் ஒரேவகை அதிர்வு, ஒரேவகை முரசோட்டம். கண்ணை மூடிக்கொண்டால் வருபவன் ஒட்ஜொப்போ ஓட்டமோட்டமாய் வரும் மோட்டார் வண்டியோ என்று பிரித்தறிய இயலாது. பலூன் விற்ற குருடன் இக்காலத்துப் படமாளிகையில் இருந்தால் ஒருவனையும் அடையாளங் காணமாட்டான்.

கொலைகாரனுக்கு இனிய இசை கொடுத்தல் தீமைக்கு அணிசெய்வதாகும் என்பது இரண்டாவது மறுப்பு. ஆசிரியர் என்ற முறையில் இதனை எளிதிலே தள்ளிவிட என்னால் இயலாது. ஆயினும், கம்பனைக் கற்றவர் இதற்கு விடை அறிவர். கும்பகருணன் யார்? தமையன் செய்தது தவறென்று அறிந்தவன். அறிந்ததை அவன் முகத்துக்கு முன்னே கூறியவன். பின்னர், உண்ட சோற்றுக்குக் கடன் தீர்த்தற்பொருட்டு அவனுக்காகவே போர்க்களம் சென்று மடிந்தவன். வீடணன் வந்தழைத்தும் அவன் மறுகரை சேரவில்லை. கம்பன் அவனுக்குக் கொடுத்த சொற்கள் இராவணனுடைய குற்றத்தை மறைத்தனவா? இல்லை, பெரிதாக்கின. இத்தகையவனையும் ஒரு தீச்செயலுக்காகப் பலியிட்டானே என்று இராவணன்மேல் நம் சினம் மிகுகின்றது. செஞ்சோற்றுக்கடன் என்னும் பெருஞ்சொல்லின் அழகையும் அவலத்தையும் ஒருங்கே நாம் உணர்வது, அக்கடனைத் தீர்ப்பவனுக்குக் கவி நா வழங்கியமையால். பேசாத ஏவலாளனுக்குத் திரையிசை செய்யக்கூடியதும், செய்யவேண்டியதும் அதுவே. அவனை மெச்சுதல் வேண்டா. அவனைக் கேட்கும்படி செய்தல் வேண்டும். கேளாதவிடத்து, அவன் சாவு வேடிக்கையாகின்றது. ஒருவன் சாவை வேடிக்கையாய்ப் பார்க்கப் பழகிய கண், பத்துப்பேர் சாவையும் அவ்வாறே பார்க்கும். மாணவர் பொருட்டு நான் அஞ்சுவது இதற்கே. கொலையாளியின் மெட்டை அவர் வாய் முணுமுணுக்கும் என்பதற்கன்று.

ஆதலின், இனி ஒற்றர் படம் பார்க்கச் செல்லும் இளைஞர்க்கு ஒரு சிறு பயிற்சி கூறுவேன். கதாநாயகனின் இசையைத் தேடவேண்டா. அது தானே வந்து செவியில் விழும். அவனுக்கு எதிரே நிற்கும் பெயர்சிறுத்த மனிதன் வரும்போது செவியைக் கூர்மையாக்குக. அங்கே ஒலிப்பது எசமானின் பொன்னா, இனத்தின் முத்திரையா, இரவலா, வெறும் இரைச்சலா, அன்றி அவனுக்கே உரிய ஓர் இசையா என்று பிரித்தறிக. அவ்வாறு பிரித்தறியும் செவி படமாளிகையில் மட்டும் பயன்படுவதன்று. நாளை உத்தியோகத்திலே, கட்சியிலே, கூட்டத்திலே, எவர் எவருக்கோ அடியெடுத்துவைக்கும்படி நாம் எல்லோரும் அழைக்கப்படுவோம். அப்போது நம் கால்கள் எந்தத் தாளத்துக்கு எழுகின்றன என்று கேட்டறிதல் நம் கடமை. தன் இசை இன்னதென்று அறிந்தவனை ஏவுதல் எவர்க்கும் எளிதன்று.